ஏலமலை ஜீப்பும் கியர் ஆயிலும்

விடிவதற்கு வெகு முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தெருமுனைகளில் தூக்குவாளியோடு பெண்கள் காத்து நிற்பார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் என்று மேற்கு மலையடிவாரம் முழுக்க இதே விடியல்தான். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகளில் ஏறி, மாநில எல்லையைக் கடந்து, இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய வீடு திரும்புவார்கள். என் அம்மாவும் அப்படி ஏறி இறங்கியவள். அவளுடைய தம்பி, என் மாமா, அந்த ஜீப்புகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் மாமாவின் பட்டறையில்தான் கிடப்பேன். இன்ஜின் பிரித்த நாளில் பட்டறையில் கூட்டம் சேரும். டிரைவர்கள் டீயோடு வந்து நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஜீப்பைக் கட்டை வைத்து நிறுத்தி, அடியில் சாக்கு விரித்துப் படுத்து, அச்சு ஹவுசிங்கில் ஆயில் மாற்றும்போது பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். மாமாவோ கார்புரேட்டரைக்கூடப் பையன்களிடம் விடுவார். இந்த வேலையை விடமாட்டார்.

"இன்ஜின் போச்சுன்னா வண்டி நின்னுபோகும், மாப்ள. அச்சு போச்சுன்னா வண்டி நிக்காது."

அவர் சொன்னதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது பின்னால் வந்த ஒரு மழைக்காலத்தில்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த ஹவுசிங்குக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மலையில் ஓடும் வண்டியில் ஏறி உட்காருகிற எல்லாருடைய உயிரும் அதற்குள் இருக்கும் எண்ணெயோடு சம்பந்தப்பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லீஸ் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்து, 1947இல் மகிந்திரா நிறுவனம் வில்லீஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. பிற்பாடு சி.ஜே.3பி மாடலை இங்கேயே தயாரித்தார்கள். அமெரிக்காவில் அது 1968இல் நின்றுபோன பிறகும் நம் ஊரில் பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது. 1980களில் பீஜோ டீசல் இன்ஜினோடு எம்.எம்.540 வந்தது. எதிரெதிரே பலகை இருக்கை போட்ட நீளமான கமாண்டர் வந்தது. இன்ஜின் மாறியது, முகப்பு மாறியது, கூரை மாறியது. அடியில் கிடந்த அச்சின் அமைப்பு மட்டும் பெரிதாக மாறவில்லை. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாகக் கனத்த இரும்புக் குழல்கள். அவற்றில் மையத்திலிருந்து சற்று விலகிப் புடைத்து நிற்கும் ஹவுசிங். அதற்குள் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம், அதைச் சுழற்றும் சிறிய பினியன், டிஃப்ரன்ஷியல்.

டிஃப்ரன்ஷியல் எதற்கு என்று கேட்டபோது மாமா களத்துமேட்டைக் காட்டித்தான் விளக்கினார். சூடடிக்கப் பிணையல் கட்டிய மாடுகளில் உள்மாடு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும். ஓரத்து மாடு எட்டி நடந்தால்தான் வட்டம் முடியும். இரண்டும் ஒரே அளவு நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒன்று கயிறு அறும், இல்லையென்றால் ஒரு மாடு விழும். வளைவில் திரும்பும் வண்டியின் உள்சக்கரத்துக்கும் வெளிச்சக்கரத்துக்கும் அதே சிக்கல்தான். போடிமெட்டுப் பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் விசையும் போக வேண்டும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவும் வேண்டும். 1820களில் பெக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக யோசித்த பல்சக்கர அமைப்பு இதைத் தீர்த்தது. சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு சன் கியர்கள், அவற்றுக்கிடையே ஸ்டார் பினியன்கள். நேர்பாதையில் எல்லாம் ஒரே உடம்பாகச் சுற்றும். வளைவு வந்ததும் ஸ்டார் பினியன்கள் தம் அச்சில் உருண்டு, ஒரு பக்கத்தில் குறைந்த வேகத்தை மறுபக்கத்துக்குக் கொடுத்துவிடும்.

சாலையில் இது பெரிய வசதி. சேற்றில் இதுவே சோதனை. ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கினால், டிஃப்ரன்ஷியல் சுழற்சியெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் அசையாது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, வழுக்கும் சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அந்த நேரத்தில் உள்ளே அதிகம் அவதிப்படுவது ஸ்டார் பினியன்கள். அவற்றுக்குப் பேரிங் கிடையாது. ஒரு பின் மீது நேரடியாக உருள்கின்றன; பின்னுக்கும் பினியனுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். சமவெளியில் அது போதும். தோட்டத்துச் சேற்றில் சிக்கி உறுமும் வண்டியில் அந்தப் படலம் தேய்ந்துபோனால், இரும்போடு இரும்பு உரசி, பின் நீலம் பாய்ந்துவிடும். அப்படி நீலம் பாய்ந்த பின்கள் மாமாவின் மேசையில் எப்போதும் கிடக்கும். ஆயில் மாற்றத் தயங்கும் டிரைவர்களின் கையில் வார்த்தை எதுவும் இல்லாமல் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

கிரவுன் வீலின் கதை இன்னும் நுட்பமானது. சி.ஜே.3பி ஜீப்பின் கிரவுனில் 43 பற்கள், பினியனில் 8. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, இன்ஜின் பக்கமிருந்து பினியனுக்கு வரும் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கும் மேல் சுற்ற வேண்டும். சிறிய இன்ஜின் இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவது இந்தக் கணக்கால்தான். 43 பகா எண் என்பதால், பினியனின் ஒரு பல் கிரவுனின் ஒரு பல்லைச் சந்தித்த பிறகு மற்ற 42 பற்களையும் சந்தித்துவிட்டுத்தான் அதே பல்லுக்குத் திரும்பும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்காகிறது. மாமா சாக்பீஸால் ஒரு பல்லில் குறி வைத்து, கையால் சுற்றச் சொல்லி இதை எனக்குக் காட்டினார். ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பகா எண்ணுக்கு ஒரு பயனும் எழுதியிருக்கவில்லை. அன்று அதன் பயனை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

பினியன், கிரவுனின் மையக்கோட்டுக்கு நேராக நிற்பதில்லை. சற்றுக் கீழே இறங்கி நிற்கிறது. ஹைப்பாய்டு என்று இந்த அமைப்பைச் சொல்வார்கள். 1920களில் கார்களுக்கு வந்தது. பினியன் கீழே இறங்குவதால் பற்கள் நீண்டு சாய்ந்து, ஒரே நேரத்தில் கூடுதலான பரப்பில் பொருந்துகின்றன. வலு கூடுகிறது, சத்தம் குறைகிறது. அதற்கு ஈடாக, பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்கின்றன. அத்தனை அழுத்தத்தில் வழுக்கும்போது சாதாரண எண்ணெய் இடையில் நிற்காமல் பிதுங்கி வெளியேறிவிடும். அதனால்தான் கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். பல்லின் மேற்பரப்பு சூடேறும்போது அவை இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய பூச்சாகப் படிகின்றன. உரசலில் தேய்வது அந்தப் பூச்சு, பல் தப்புகிறது. கியர் ஆயில் டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அந்தக் கந்தகத்தின் நெடிதான். அம்மா பட்டறைப் பக்கம் வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். எனக்கு அந்த நெடி பிடிக்கும். இன்றும் எங்காவது அது வந்தால் நின்று பார்ப்பேன்.

டின்னில் ஜி.எல்.5 என்று போட்டிருக்கிறதா என்று மாமா கண்ணாடி போட்டுப் பார்ப்பார். ஹைப்பாய்டு கிரவுனுக்கு அதுதான் வேண்டும். கியர் பாக்ஸுக்கு அதையே ஊற்றக் கூடாது என்பதிலும் கறாராக இருப்பார். கியர் பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன, ஜி.எல்.5 ஆயிலில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரித்துவிடலாம் என்பதால் அங்கே ஜி.எல்.4. பீப்பாயில் சில்லறையாக விற்கும் 90 ஆயில் விலை குறைவு. மலை வண்டிக்கு அதை அவர் ஊற்றியதே இல்லை. பீப்பாய்க்குள் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது என்பது அவர் கட்சி.

இனி வேலை. ஆயில் மாற்றும் வண்டியை முதலில் ஒரு நடை ஓட்டி வரச் சொல்வார். சூடேறிய ஆயில் இளகி ஓடும். அடியில் தங்கிய கசடையும் கலக்கி இழுத்து வரும். குளிர்ந்த வண்டியில் வடித்தால் நல்ல ஆயில் வெளியே வந்துவிடும், கசடு உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஹவுசிங்கைச் சுற்றி மண்ணைச் சுரண்டித் துடைப்பார். துடைப்பதற்குத் திருப்பூர்ப் பனியன் வேஸ்ட். மூடியைத் திறக்கும்போது ஒரு துளி மணல் உள்ளே விழுந்தாலும் ஆயில் மாற்றியதன் பலன் அத்தோடு போயிற்று.

அடுத்தது, அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி: "மொதல்ல ஊத்துற மூடி, அப்புறம் வடிக்கிற மூடி." ஊற்றும் மூடி எத்தனையோ ஆண்டுத் துருவில் இறுகியிருக்கும். சரியாகப் பொருந்தாத ஸ்பானரைப் போட்டுத் திருகியவர்கள் அதன் மூலைகளை மழுக்கி வைத்திருப்பார்கள். அதைத் திறக்க முடியுமா என்று பார்க்காமல் ஆயிலை வடித்துவிட்டால், ஊற்ற வழியில்லாமல் வண்டி காய்ந்து நிற்கும். தோட்டத்துக்கு நடுவில் வைத்து வேலை பார்க்கிறவர்களுக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம். துருப்பிடித்த மூடிக்கு முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு வைப்பார். விடிந்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, நீளமான குழாயை ஸ்பானரில் சொருகி, மெல்ல அழுத்துவார். மூடி இளகும்போது கிளம்பும் சிறிய கிரீச்சொலி கேட்டால்தான் அவர் முகம் தெளியும்.

சில ஹவுசிங்குகளுக்கு அடியில் வடிக்கும் பிளக் இருக்கும். இல்லாதவற்றுக்கு முதுகுப்பக்கத் தகட்டு மூடியின் 10 போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும். பிளக் இருந்தாலும் அவர் மூடியைக் கழற்றத்தான் விரும்புவார். கீழ்ப்பக்கத்துப் போல்ட்டுகளை முதலில் எடுத்து, மேலே இரண்டைத் தளர்த்தி மட்டும் விட்டு, ஓரத்தில் மெல்ல நெம்பினால், ஆயில் ஒழுங்காகச் சட்டிக்குள் இறங்கும். மூடி முழுவதும் வந்த பிறகு கிரவுன் வீல் கண்முன்னே நிற்கும். கையைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக விரலால் தடவுவார். பல்லின் மேல் விழுந்திருக்கும் பளபளப்பு நடுவில் இருக்கிறதா, ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். கிரவுனைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து, பினியனோடு எவ்வளவு விளையாட்டு இருக்கிறது என்று கையாலேயே அளந்துவிடுவார். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான் அது இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மட்டும் டயல் கேஜ் வெளியே வரும்.

வடித்த ஆயிலைப் படிப்பது தனிக் கலை. சட்டியில் விழுந்ததை உடனே கொட்ட விடமாட்டார். முதலில் நிறம். தேன் நிறத்தில் போன ஆயில் கறுத்து வருவது இயல்பு. கறுத்ததோடு தீய்ந்த வாடையும் அடித்தால் வண்டி அளவுக்கு மீறிச் சுமை இழுத்திருக்கிறது, அல்லது ஆயில் குறைவாக ஓடியிருக்கிறது. அடுத்து உலோகம். மூடியின் உட்புறத்தில் அவர் ஒரு காந்தத் துண்டை ஒட்டி வைத்திருப்பார். அதில் மையாகக் குழைந்த சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தால் கவலை இல்லை. பற்கள் ஒன்றோடொன்று பழகித் தேய்வதன் அடையாளம். விரலிடையில் நெருடும் சில்லுகள் வந்தால் பல்லோ பேரிங்கோ உடையத் தொடங்கிவிட்டது. மூன்றாவது தண்ணீர். ஆயில் வெளிறி, நுரைத்து, கலங்கிய பழுப்பில் வந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. இந்த மூன்றாவதுதான் மலை வண்டிகளைக் கொல்லும் நோய்.

ஏலத்தோட்டத்து வழிகளில் பாலம் குறைவு, ஓடைகள் அதிகம். தென்மேற்குப் பருவமழையில் ஓடைக்குள் இறங்காமல் தோட்டத்துக்குப் போக முடியாத நாட்கள் உண்டு. மலையேறி வந்த வண்டியின் ஹவுசிங் கொதிக்கிற சூட்டில் இருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும்; வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அதற்காகவே ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்று ஒரு சிறு மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளை தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். துளை சேற்றால் அடைபட்டிருந்தால் ஆயில் சீல்களின் உதட்டு வழியாக இழுக்கும். இரண்டு வழியிலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். பிறகு தோட்டத்தில் வண்டி பகலெல்லாம் நிற்கும்போது பேரிங்குகளில் துரு பிடிக்கும்.

அடைபட்ட பிரீதர் இன்னொரு கேடும் செய்யும். அதைத்தான் அந்த மழைக்காலத்தில் கண்ணால் பார்த்தேன். ஒரு நாள் அந்திக்குமேல் ஒரு ஜீப் பட்டறைக்கு வந்தது. டிரைவர் இறங்கியதும், "அண்ணே, எறக்கத்துல பிரேக் மிதிச்சா ஒரு பக்கமா இழுக்குது. ரெண்டாவது கியர்லயே உருட்டிக் கொண்டாந்தேன்" என்றார். வேலை முடித்த பெண்களை அவர் இறக்கிவிட்டு வந்த வண்டி அது. அம்மாவும் அதில்தான் வந்திருந்தாள். மாமா அப்போதே ஜாக்கி போட்டுப் பின்சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மை இழுத்ததும் உள்ளே கியர் ஆயில் வழிந்தது. பிரேக் லைனர் முழுக்க எண்ணெயில் ஊறிப் பளபளத்தது. மற்ற சக்கரங்கள் பிடிக்க, இது மட்டும் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது.

சீலை மாற்றினால் வேலை முடிந்தது என்றுதான் டிரைவர் நினைத்தார். மாமா ஹவுசிங்கின் மேலே கையை விட்டுப் பிரீதரைக் கழற்றி அவரிடம் காட்டினார். காய்ந்த சேறு கல்லாக இறுகியிருந்தது. வண்டி ஓடும்போது சூட்டில் ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்று விரிகிறது. மூச்சுத்துளை வழியாக வெளியேற முடியாத அழுத்தம், ஆயிலைக் குழலின் இரண்டு முனைக்கும் தள்ளுகிறது. உள் சீலைத் தாண்டிய ஆயில் சக்கரப் பேரிங்கின் கிரீஸைக் கரைக்கிறது. வெளி சீலையும் தாண்டியதும் பிரேக் டிரம்முக்குள் இறங்குகிறது. சுண்டுவிரல் நுனி அளவு உள்ள ஒரு துளை அடைபட்டதன் விளைவு, ஏலமலையின் இறக்கத்தில் பிடிக்காத ஒரு பிரேக். அந்த சி.ஜே. மாடலின் பின் அச்சில் வண்டியின் பாரமும் சக்கரமும் ஷாஃப்டின் முனையிலேயே நிற்கின்றன. கிரீஸ் கரைந்து பேரிங் தீய்ந்து ஷாஃப்ட் முறிந்தால் சக்கரத்தைப் பிடித்து வைக்க வேறொன்றும் இல்லை. ஷாஃப்டின் துண்டோடு கழன்று போய்விடும். அச்சு போனால் வண்டி நிற்காது என்று அவர் சொன்னது இதைத்தான்.

அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் சீல் மாற்றினார். பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் அடைத்தார். எண்ணெயில் ஊறிய லைனரைத் துடைத்துப் போடலாம் என்று டிரைவர் கெஞ்சியதைக் கேட்காமல் புது லைனர் போட்டார். எண்ணெய் குடித்த லைனரை எதில் கழுவினாலும் சூடானதும் மறுபடி எண்ணெயைக் கக்கும். பிரீதரில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, சேஸிஸ் ஓரமாக மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டார். ஓடையில் வண்டி இறங்கினாலும் டியூபின் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும். அதன் பிறகு அவர் கைக்கு வந்த மலை வண்டி ஒன்றுகூட அந்த டியூப் இல்லாமல் திரும்பிப் போகவில்லை. நான் அன்று டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் விடியலில் அம்மா அதே ஜீப்பில் ஏறினாள்.

முன் அச்சைப் பலர் மறந்தே போவார்கள். ஃபோர் வீல் போடாதபோது அது வேலை செய்யவில்லை என்ற நினைப்பு. சக்கரத்தை அச்சிலிருந்து விடுவிக்கும் ஹப் லாக் இல்லாத வண்டியில், ஃபோர் வீல் போட்டாலும் போடாவிட்டாலும் முன் கிரவுன் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சக்கரம் திரும்பும் இடத்தில் உருண்டையான நக்கிள் இருக்கிறது. அதற்குள் ஜாயிண்ட் கிரீஸில் புதைந்து கிடக்கும். அச்சுக் குழலின் உள் சீல் போய்விட்டால் ஹவுசிங் ஆயில் நக்கிளுக்குள் புகுந்து கிரீஸைக் கஞ்சியாக்கிவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஹவுசிங்கில் ஆயில் அளவு குறைவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே பின்னுக்கு மாற்றும்போதெல்லாம் முன்னுக்கும் மாற்றுவார்.

புது ஆயில் ஊற்றுவதற்கு முன் மூடியின் விளிம்பிலிருந்து பழைய பேக்கிங்கை ஒரு துணுக்கும் விடாமல் சுரண்டி எடுப்பது என் வேலை. புது பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சீராக முடுக்குவார். ஒரு ஹவுசிங்குக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஆயில் கெட்டியாக இருக்கும் குளிர்காலக் காலையில் டின்னை வெயிலில் வைத்துவிடுவோம். ஆயில் கன்னில் உறிஞ்சி, ஊற்றும் துளையில் வைத்து மெல்ல அழுத்துவேன். துளையின் கீழ் உதட்டைத் தொட்டு ஆயில் வழிந்தால் போதும். விரல் நுனியை உள்ளே மடக்கிப் பார்த்து மாமா உறுதி செய்வார். நல்லதுதானே என்று கூடுதலாக ஊற்றினால் கிரவுன் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை சூட்டைக் கடத்தாது, பல்லையும் காக்காது, அழுத்தம் ஏறி மறுபடி சீலைத்தான் தேடிப் போகும்.

ஒருமுறை ஒருவர் புதிதாக வாங்கிய பழைய ஜீப்பைக் கொண்டு வந்தார். கிரவுன் சத்தமே இல்லாத வண்டி என்று நம்பி வாங்கியிருந்தார். மூடியைக் கழற்றினால் ஆயிலோடு மரத்தூள் குழம்பாக இறங்கியது. தேய்ந்த பற்கள் கத்தாமல் இருக்க, விற்றவர் மரத்தூளைப் போட்டு அடைத்திருக்கிறார். மாமா கோபப்பட்டு நான் பார்த்தது அபூர்வம், அன்று பார்த்தேன். இயந்திரம் வாய்விட்டுச் சொல்லும் ஒரே எச்சரிக்கை அதன் சத்தம். அதை அமுக்கி விற்கிறவன், அந்த வண்டியில் ஏறப்போகும் முகம் தெரியாத ஆட்களை ஆபத்தில் தள்ளுகிறான். வாங்கியவர் மலைக்கு ஆள் ஏற்றத்தான் அந்த வண்டியை வாங்கியிருந்தார். கிரவுன், பினியன், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு முடிக்கும்வரை அவரிடம் சாவியைக் கொடுக்க மாமா சம்மதிக்கவில்லை.

வடித்த பழைய ஆயிலைத் தரையில் ஊற்றக் கூடாது என்பதும் அவர் பட்டறையின் சட்டம். பட்டறைக்குப் பின்னால் கிணறு இருந்தது. மலையில் வேலை பார்க்கும்போதும் டின்னில் பிடித்துக் கீழே கொண்டுவருவார். தோட்டத்து ஓடைகள் இறங்கி வந்து சேரும் தண்ணீரைத்தான் யாரோ குடிக்கிறார்கள் என்பார். அவருடைய அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்து, அச்சாணியைக் கழற்றி அச்சில் தடவிவிட்டுத்தான் சந்தைக்குக் கிளம்புவாராம். வண்டி கட்டும் முன் அச்சைப் பார்ப்பது அந்தக் குடும்பத்தில் அப்படி வந்த வழக்கம்.

நான் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஆனாலும் பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் இரண்டு அச்சுக்கும் நானே ஆயில் மாற்றுகிறேன். இன்றைய வண்டிகளில் ஆயில் தரம் உயர்ந்திருக்கிறது. கையேடுகள் பல்லாயிரம் கிலோமீட்டர் வரை மாற்ற வேண்டாம் என்கின்றன. சாலையில் ஓடும் வண்டிக்கு அது சரி. ஓடையில் இறங்கும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. ஹவுசிங் மூழ்கும் அளவு தண்ணீரில் ஓட்டினால், அன்றே பிரீதரைப் பார்க்க வேண்டும். மறுநாள் ஊற்றும் மூடியைத் திறந்து ஆயிலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெளிறியிருந்தால், மாற்றி ஒரு வாரமே ஆகியிருந்தாலும் வடித்துவிட வேண்டும்.

இப்போது ஏலமலைப் பக்கம் சுற்றுலா ஜீப்புகளும் பெருகிவிட்டன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் குழியுமான பாதையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,900 அடி உயரம் வரை, சூரிய உதயம் பார்க்க ஆட்களை ஏற்றிப் போகிறார்கள். அந்த மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டிப்பாதை கேரளத்தின் வழியாகப் போகிறது. ஓட்டுகிறவர்கள் கைதேர்ந்தவர்கள். அந்த வழியில் ஏறும்போது நான் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்து, கடைசியாக எப்போது கிரவுன் ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்பேன். நாளையும் கிலோமீட்டரையும் சொல்லி, என்ன ஆயில் என்பதையும் சேர்த்துச் சொல்கிற டிரைவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியில் நிம்மதியாக உட்காருவேன்.

தொழிலாளர்களை ஏற்றிப் போகும் வண்டிகளின் நிலைமை வேறு. கூலிக்குப் போகும் பெண் அச்சைப் பற்றிக் கேட்க மாட்டாள். கேட்க நேரமும் இல்லை, கேட்டால் மறுநாள் இடம் இருக்குமா என்ற பயமும் உண்டு. அவள் கேட்காததைப் பார்த்துச் செய்ய வேண்டிய கடமை வண்டிக்காரருக்கும், அவளை வேலைக்கு அழைக்கும் தோட்டத்துக்கும் இருக்கிறது. பளபளக்கும் பெயிண்டுக்கும் புது டயருக்கும் காசு செலவழிக்கிற கை, கண்ணில் படாத ஹவுசிங்குக்குத் தயங்கக் கூடாது. இரண்டு அச்சுக்கும் சேர்த்து வேண்டியது இரண்டரை லிட்டர் ஆயில், இரண்டு பேக்கிங், தேய்ந்திருந்தால் சில சீல்கள், ஒரு முற்பகல். அதை மிச்சம் பிடிப்பதில் எந்த நியாயமும் இல்லை. மலை ஏறுகிற வண்டி இறங்கவும் வேண்டும். அதில் இருப்பவர்கள் மாலையில் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும்.